போர் நினைவிடத்தில் ஊஞ்சல் ஆடலாமா?

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி, தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தில் எங்கள் தெரு இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று தம்பிகள் போனில் கேட்டார்கள். "பூங்கா" என்றேன். சிரித்தார்கள். அம்பேத்கர் பிறந்தநாளில் இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசலாம், ஆணவக் கொலையைப் பற்றிப் பேசலாம், பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசலாம். பூங்காவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் நான் பேச வந்தது வெறும் பூங்கா இல்லை. போரில் செத்தவர்களுக்குக் கல் நட்டு, அந்தக் கல்லைச் சுற்றிப் புல்வெளி போட்டு, குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து உட்காரும் பூங்கா. கல்லில் யார் பெயர் இருக்கிறது, புல்லில் யார் உட்காரலாம் என்ற இரண்டும் ஒரே கேள்விதான் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் பிறந்த எல்லோருக்கும் முதல் சுற்றுலா வைகை அணைதான். 1959இல் திறக்கப்பட்ட அணை. இரண்டு கரையிலும் பூங்கா. காணும் பொங்கலன்று புளிச்சோறு கட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போவோம். சறுக்கில் சறுக்குவோம். பொரித்த மீன் வாங்கித் தின்போம். சாயங்காலம் திரும்பிவிடுவோம். இதில் என்ன அரசியல் என்று கேட்பீர்கள்.

நம் அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். ஊருக்குள் எந்தத் திண்ணையில் அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்? எந்தக் கடை வாசலில் நின்று நிதானமாகப் பேசியிருக்கிறார்கள்? தனி டம்ளர் இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தெருக்களை உங்களால் விரல் நீட்டிக் காட்ட முடியும். அப்படிப்பட்டவர்களுக்கு, டிக்கெட் வாங்கினால் உள்ளே போகலாம், எந்தத் தெரு என்று யாரும் கேட்கமாட்டார்கள், மரத்தடியில் மணிக்கணக்கில் படுத்துக் கிடக்கலாம் என்ற இடம் சாதாரண இடம் அல்ல. ஓய்வு என்பது நமக்கு யாரும் கொடுத்த உரிமை அல்ல. உழைப்பைத்தான் கொடுத்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு டெல்லிக்கு வாருங்கள்.

நான் டெல்லியில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். போன குளிர்காலத்தில் அம்மாவும் அக்காவும் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "இந்தியா கேட்" என்று பிள்ளைகள் கத்தினார்கள். டிவியில் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

இந்தியா கேட் ஒரு போர் நினைவுச்சின்னம் என்பது அங்கே போகிற பலருக்குத் தெரியாது. 1921இல் அடிக்கல் நாட்டி, 1931இல் திறந்தார்கள். லட்யன்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். உயரம் 42 மீட்டர். முதல் உலகப் போரிலும், அதற்குப் பின் 1919இல் நடந்த ஆப்கன் போரிலும் இறந்த இந்தியப் படையினருக்காகக் கட்டியது. அதன் பக்கத்திலேயே 2019 பிப்ரவரி 25 அன்று தேசியப் போர் நினைவிடத்தைத் திறந்தார்கள். அது விடுதலைக்குப் பிந்தைய போர்களில் இறந்தவர்களுக்கானது. இரண்டையும் சுற்றி விரிந்த புல்வெளி, நீர்நிலை, குழந்தைகளுக்கான பூங்கா, ஊஞ்சல், சறுக்கு எல்லாம் உண்டு. பலூன்காரர், ஐஸ்கிரீம் வண்டி, பேல்பூரி, போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று பின்னாலேயே வரும் பையன்கள். வட இந்தியாவின் அத்தனை ஏழைக் குடும்பங்களும் அங்கேதான் இருக்கும். கட்டட வேலைக்கு வந்தவர்கள், ரிக்ஷா ஓட்டுபவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை புதுத்துணி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்கு மொழி தெரியாது, ஆனால் அந்தக் கூட்டம் பிடித்துப் போய்விட்டது. "நம்ம வைகை டேமு மாதிரியே இருக்கு" என்றார்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர், நன்றாக உடுத்தியவர், தன் மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்: "இது தியாகிகளின் இடம். இதைத் திருவிழாச் சந்தை ஆக்கிவிட்டார்கள். இதன் புனிதமே கெட்டுவிட்டது." எங்களைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா தெரியாது. ஆனால் அவர் ஒருவரின் கருத்து அல்ல இது. பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், வாசகர் கடிதம் போடுகிறார்கள். போர் நினைவிடத்தில் கடலை கொறிப்பதா, பிள்ளைகள் கத்தி விளையாடுவதா, இறந்தவர்களுக்கு அவமரியாதை இல்லையா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை நான் உதறித் தள்ளவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது அவருக்கு அமைதி வேண்டும். தேசியப் போர் நினைவிடத்தின் உள்வட்டத்தில் அந்த அமைதி இருக்கிறது. இறந்த வீரரின் குடும்பத்தார் வந்து மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி அங்கே நடக்கிறது. அங்கே யாரும் ஓடிப்பிடித்து விளையாடுவதில்லை. உள்ளே அமைதி, வெளியே விளையாட்டு. இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

என் குறை 'புனிதம் கெட்டுவிட்டது' என்ற சொல்லில்தான். யாரால் கெட்டது? பலூன் விற்பவரால். கைக்குழந்தையைப் புல்லில் படுக்கவைத்திருக்கும் தாயால். அதாவது, ஏழைகள் வந்ததால் கெட்டது. இந்தச் சொல்லை நாம் வேறு எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? கிணற்றுக்குச் சொன்னார்கள். கோயிலுக்குச் சொன்னார்கள். ஊர்ப் பொதுச் சாவடிக்குச் சொன்னார்கள். ஒரு பொது இடத்துக்குப் புனிதம் என்று பெயர் வைத்த உடனே அடுத்து வருவது தீட்டு. தீட்டு வந்தால் யார் வெளியே நிற்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, இறந்தவர்களுக்கு உண்மையிலேயே அவமரியாதை நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. ஆனால் அதைச் செய்தது ஊஞ்சல் ஆடும் பிள்ளைகள் அல்ல. கல்லை அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

இந்தியா கேட்டின் சுவரில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் யார்? இந்தியாவிலும் வடமேற்கு எல்லைப்புறத்திலும், ஆப்கன் போரிலும் இறந்தவர்கள். அதில் ஆங்கிலேயரும் உண்டு. பிரான்சில், மெசபடோமியாவில், கிழக்கு ஆப்பிரிக்காவில், கல்லிப்போலியில் செத்த இந்தியர்களைப் பற்றி அந்த வாயிலின் உச்சியில் பொதுவாக ஒரு வாசகம் இருக்கிறது. பெயர் இல்லை. முதல் உலகப் போரில் 70,000க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இறந்தார்கள். கடல் கடந்து செத்தவர்களுக்கு அந்தந்த நாட்டில் நினைவிடம் கட்டுகிறோம் என்றார்கள். கட்டினார்கள். பிரான்சில் கட்டிய இடத்தில் பெயர் போட்டார்கள். இராக்கில் பாஸ்ரா நினைவிடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அதிகாரிகளுக்குப் பெயர் போட்டார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு, இந்த ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை போட்டார்கள்.

இது நான் கோபத்தில் சொல்வது அல்ல. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எந்த நினைவுச்சின்னமுமே அவர்களுக்கு இல்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள், மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்கள். 'எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல்' என்ற கொள்கையோடு தொடங்கிய ஆணையம் அது.

இனவெறி என்று இதை முடித்துவிடலாம். ஆனால் இனவெறிக்கு அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. அது நம் நாட்டிலிருந்தே கப்பலேறிப் போன அடுக்கு.

பட்டாளம் என்றால் துப்பாக்கி தூக்குபவர்கள் மட்டும் அல்ல. தண்ணீர் சுமப்பவர் வேண்டும். கோவேறு கழுதை ஓட்டுபவர் வேண்டும். காயம்பட்டவரைத் தூளியில் தூக்குபவர் வேண்டும். சமைப்பவர், துணி வெளுப்பவர், செருப்புத் தைப்பவர், கக்கூஸ் சுத்தம் செய்பவர் வேண்டும். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட ஏறக்குறைய 14 லட்சம் பேரில் 5.5 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இப்படிச் சண்டையிடாத பணிகளில் இருந்தவர்கள். வரலாற்றாசிரியர் ராதிகா சிங்கா இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பட்டாள மொழியில் இவர்களுக்கு 'பாலோயர்' என்று பெயர். பின்னால் வருபவர். சம்பளம் குறைவு, ரேஷன் குறைவு, மரியாதையும் குறைவு. குண்டு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். இந்த வேலைகளுக்கு யாரை எடுத்திருப்பார்கள், எந்தச் சாதியை எந்த வேலைக்கு வைத்திருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் சுக்கா. உத்தரப் பிரதேசத்தின் பரேலியைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊர். காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக அங்கே ஒரு மருத்துவமனை இருந்தது. அதில் துப்புரவுத் தொழிலாளி. 1915 ஜனவரி 12 அன்று, 30 வயதில் இறந்தார். அன்றைய பதிவுகளில் சொல்லப்படுவது இதுதான்: துப்புரவுத் தொழிலாளி என்பதால் இந்துக்கள் அவர் உடலை எரிக்க மறுத்தார்கள். முஸ்லிம்களும் தங்கள் இடத்தில் புதைக்க மறுத்தார்கள். கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் தன் தேவாலயக் கல்லறையில் இடம் கொடுத்தார். ஊர் மக்கள் காசு போட்டுக் கல் வைத்தார்கள். அந்தக் கல் இன்றும் இருக்கிறது. அதில் அவர் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, எந்த வீதி என்பது வரை இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஏழு கடல் தாண்டிப் போயும் சாதி கூடவே போயிருக்கிறது. போரில் ஒரே பக்கம் நின்றவர்கள், ஒரே மருத்துவமனையில் படுத்தவர்கள், அவர்களுடைய மலத்தை அள்ளியவருக்கு ஒரு பிடி மண் போட மறுத்தார்கள்.

இப்போது இன்னொரு கல்லுக்கு வருவோம். புனே அருகே பீமா கோரேகான். 1818 ஜனவரி 1 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு சிறு படைக்கும் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படைக்கும் சண்டை நடந்தது. அந்த இடத்தில் கம்பெனி ஒரு தூண் நட்டது. தூணில் உயிரிழந்த 49 பேரின் பெயர்கள். அதில் 22 பேர் மகர்கள். பெயரின் இறுதியில் 'நாக்' என்று வருவதை வைத்து அடையாளம் காண்கிறார்கள். அதைக் கம்பெனி நட்டது தன் வெற்றிப் பெருமைக்குத்தான். மகர் சிப்பாய்கள் போனதும் கூலிக்குத்தான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தீண்டத்தகாதவர்கள் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்க வேண்டும் என்றிருந்த பேஷ்வா ஆட்சியின் மண்ணில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் பெயர் கல்லில் ஏறியது. அதுதான் விஷயம்.

அதே மகர்களை 1890களில் பட்டாளத்திலிருந்து ஒதுக்கினார்கள். 'போர்க்குடிகள்' என்று ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சில சாதிகளுக்குத்தான் வீரம் உண்டு, மற்றவர்களுக்கு இல்லை என்றார்கள். மனுவும் வெள்ளைக்காரத் தளபதியும் கைகுலுக்கிய இடம் அது. தளபதி ராபர்ட்ஸ் காலத்தில் அதே கோட்பாட்டின் பெயரால் நம் மதராஸ் படையையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பறையர்கள் பெருமளவில் இருந்த படை அது. சாப்பர்ஸ் என்று சொல்லும் பொறியியல் பிரிவில் மட்டும் தொடர்ந்து இருந்தார்கள். ஆள் தேவைப்படும்போது சேர்ப்பது, தேவை முடிந்ததும் கலைப்பது. 1917இல் மகர் படைப்பிரிவு ஒன்றை எழுப்பி 1921இல் கலைத்தார்கள். 1943இல் சமார் ரெஜிமெண்டை எழுப்பி, கொஹிமாவில் சண்டைக்கு அனுப்பி, 1946இல் கலைத்தார்கள்.

படைவேலை போனதால் என்ன போனது என்பதை அம்பேத்கரின் வாழ்க்கையே சொல்லும். அவர் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில். அப்பா சுபேதார் ராம்ஜி, ராணுவப் பள்ளியின் ஆசிரியர். பட்டாளத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைத்தது. பட்டாளத்தின் கதவை மூடியபோது அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவும் மூடியது.

1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் கோரேகான் தூணுக்குப் போனார். அதே 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். இந்த இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் படிக்கிறோம். சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஜனவரியில் கல்லுக்குப் போனார். இதோ எங்கள் பெயர், நாங்களும் இந்த நாட்டின் வரலாற்றில் இருக்கிறோம் என்றார். மார்ச்சில் குளத்துக்குப் போனார். இதோ பொது இடம், இதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்றார். பெயரும் இடமும். மூன்று மாதத்துக்குள் இரண்டையும் கேட்டார். ஒன்று இல்லாமல் மற்றொன்று இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று கோரேகானில் லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கையில் சோற்றுப் பொட்டலத்தோடு வருகிறார்கள். புத்தகக் கடை போடுகிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். அதுவும் போர் நினைவிடம்தான். அங்கே புனிதம் கெட்டதாக அந்த மக்கள் யாரும் சொல்லவில்லை. ஆனால் 2018 ஜனவரி 1 அன்று, 200ஆவது ஆண்டில், அந்தக் குடும்பங்கள் மீது கல்லெறிந்தார்கள். கலவரத்தில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். பிறகு அதன் பெயரால் தொடுத்த வழக்கில் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் சிறைக்குப் போனார்கள். நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 84 வயதில், 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே இறந்தார்.

நம் மாநிலத்துக்கு வாருங்கள். இம்மானுவேல் சேகரன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர். நாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்தவர். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூர் சமாதானக் கூட்டத்தில் சமமாக நின்று பேசினார். மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். எதிரி நாட்டின் எல்லையில் சாகாதவர் சொந்த மாவட்டத்தின் தெருவில் செத்தார். அவர் நினைவிடத்துக்கு நாம் எப்படிப் போகிறோம்? செப்டம்பர் வந்தால் தடை உத்தரவு. வண்டிக்குக் கட்டுப்பாடு. வழியெல்லாம் போலீஸ். 2011 செப்டம்பர் 11 அன்று துப்பாக்கிச் சூடே நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று நம் வீட்டுப் பெண்கள் யோசிக்கிறார்கள். போக வேண்டாம் என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

அம்பேத்கர் சிலைகளைப் பாருங்கள். தமிழ்நாடு முழுக்க எத்தனை சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் இருக்கின்றன! அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய கை கம்பிக்குப் பின்னால் இருக்கிறது. பாதுகாப்புக்கு என்கிறார்கள். சிலையை உடைப்பவனை அடைக்க முடியாதவர்கள் சிலையை அடைத்துவிட்டார்கள்.

அவர்களின் நினைவிடத்துக்கு ஐஸ்கிரீமோடு போகலாம். நம்முடைய நினைவிடத்துக்குப் பயத்தோடு போக வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்த வேறுபாடு.

நாமே பூங்கா கட்டினால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். 2011 அக்டோபர் 14 அன்று நொய்டாவில் மாயாவதி அவர்கள் ஒரு தலித் நினைவிடத்தைத் திறந்தார். சுமார் 80 ஏக்கர். அம்பேத்கர், புலே, கன்ஷிராம் போன்றோரின் சிலைகள், சுற்றிலும் மரங்கள், நடைபாதை. மக்கள் பணம் வீண் என்று நாடே கூச்சல் போட்டது. செலவைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாச் செலவையும் கேளுங்கள். ஆனால் டெல்லியில் மன்னர்களின் சமாதியைச் சுற்றி எத்தனை ஏக்கர் புல்வெளி இருக்கிறது என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. அவர்கள் போட்டால் பாரம்பரியம். நாம் போட்டால் வீண்செலவு.

தேசியப் போர் நினைவிடத்தில் ஒரு நல்ல விஷயத்தைப் பார்த்தேன். அதையும் சொல்ல வேண்டும். அங்கே சக்கரம் போல நான்கு வட்டங்கள். ஒரு வட்டத்தின் சுவர்களில் கருங்கல் பலகைகள், ஆளுக்கு ஒன்று. திறந்தபோது 25,942 பெயர்கள். பதவி பெரிதோ சிறிதோ, ஆளுக்கு ஒரே அளவுக் கல். 1931இல் வெள்ளைக்காரன் செய்யாததைச் செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு கல்லாகக் காட்டி, வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பெயர், பதவி, படைப்பிரிவு. ராஜ்புத், ஜாட், டோக்ரா, மகர், மெட்ராஸ் என்று படைப்பிரிவுகளின் பெயர்கள் வந்தன. "பேருக்குப் பின்னால சாதியவும் எழுதிருக்காகளா?" என்று அம்மா கேட்டார். சாதி இல்லையம்மா, படையின் பெயர் என்றேன். "ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு" என்றார். வெள்ளைக்காரன் வைத்த பெயர்கள், 75 ஆண்டுகளுக்குப் பிறகும் கருங்கல்லில் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்குச் சில சாதிகளிலிருந்து மட்டுமே ஆள் எடுக்கிறார்கள் என்று நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது.

வட்டத்தைச் சுற்றி வந்த பிறகு அம்மா இன்னொன்றும் கேட்டார். "ஏத்தா, இதுல நம்ம பக்கத்து ஊருப் பேரு எதாச்சும் இருக்கா?" பலகையில் ஊர் போடுவதில்லை, அதனால் பதில் சொல்ல முடியவில்லை. அக்கா பிள்ளைகளுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. "சித்தி, ஊஞ்சலுக்குப் போவமா?" என்று கையை இழுத்தார்கள். போனோம். ஒரு மணி நேரம் ஆடினார்கள். அவர்களோடு வரிசையில் நின்று ஆடிய பிள்ளைகள் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அந்தக் கற்களில் உள்ளவர்கள் எதற்காவது செத்தார்கள் என்றால், இதற்காகச் செத்ததாக இருக்கட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் அக்னிவீர் தேர்வுக்கு ஓடிப் பயிற்சி எடுக்கும் தம்பிகள் இருக்கிறீர்கள். 2022இல் வந்த திட்டம். நான்கு ஆண்டு வேலை, அதன் பிறகு நான்கில் ஒரு பங்கு பேரை மட்டும் வைத்துக்கொள்வார்கள். போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. வேலை இல்லாத வீட்டின் கஷ்டம் எனக்கும் தெரியும். போரைப் புகழவும் வரவில்லை. நான் சொல்வது, ஆள் தேவைப்படும்போது எடுத்துத் தேவை முடிந்ததும் கலைத்த வரலாறு நமக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போங்கள். நான்கு ஆண்டு முடிந்து சீருடையோடு திரும்பி வரும்போது, இந்த ஊர் டீக்கடை பெஞ்சில் உங்களுக்கு இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை இங்கே இருப்பவர்கள் நாங்கள் போராடி வைத்திருப்போம்.

மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, நம் தெருவிலிருந்தும் சுற்று ஊர்ச் சேரிகளிலிருந்தும் பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர்களை எழுதுங்கள். சிப்பாய் மட்டும் அல்ல. சமையலுக்குப் போனவர், ரோடு போடப் போனவர், துப்புரவுக்குப் போனவர் எல்லோரையும் எழுதுங்கள். பழைய பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் சான்றிதழ், டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் மெடல் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தாத்தாக்களும் அப்பத்தாக்களும் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அரசு கல் வைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், ஒரு நோட்டுப் போதும்.

இரண்டு, கூண்டுக்குள் இருக்கும் அம்பேத்கரைச் சுற்றி இருக்கும் இடத்தைக் கேளுங்கள். பஞ்சாயத்தில் மனு கொடுங்கள். நான்கு மரம், இரண்டு பெஞ்சு, ஓர் ஊஞ்சல். ஊர்ப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் இடமாக அது ஆக வேண்டும். கூண்டைத் திறக்கச் சொல்லி முதலில் கேட்கப் போவது அந்தப் பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

மூன்று, அம்மாக்களுக்கு. வருசத்தில் ஒரு நாள் அல்ல, மாதம் ஒரு நாளாவது எங்காவது போய்ப் புல்லில் உட்காருங்கள். வேலை கிடக்கட்டும். யாராவது புனிதம் கெடுகிறது என்று சொன்னால் காலை இன்னும் கொஞ்சம் நீட்டி உட்காருங்கள்.